ஆமென் சொல்வதற்குள்

ஆப்பிரிக்காவில் எங்கள் சபை நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்கு ஒரு மாசம் சமைத்துப்போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒரு கல்யாணத்துக்கே ஒண்டியாக ஆக்குவேன். தாம்பரத்தில் சர்ச் வாசலில் வேன் நின்றது. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், ஏர்போர்ட் கிளம்புமுன் பயண ஜெபம். எல்லாரும் சத்தம்போட்டு ஜெபிப்பார்கள். ஆமென் சொல்லும்வரை ஒருத்தரும் கண் திறக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து என் மகன் வந்தான். திறந்திருந்த வேன் கதவோரம் உட்கார்ந்திருந்த என்னைக் கொண்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஊரான் புள்ளைக்கு ஆக்கிப்போட ஏரோப்ளேன் கேக்குதா உனக்கு? என் வூட்ல யாரு ஆக்கறது?"

படியில் இடித்து முழங்கால் கிழிந்தது. நான் கத்தியிருந்தால் கண் திறந்திருப்பார்கள். பெற்ற பிள்ளையோடு சமாதானமாகப் போ என்று இறக்கிவிட்டிருப்பார்கள். அதனால் அவன் கையைக் கவ்வி, ரத்தம் வரக் கடித்தேன். அவன் வயிற்றில் குத்தினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சில் எட்டி உதைத்தேன். ரோட்டில் மல்லாந்தான்.

"ஆமென்" என்றார்கள். பாஸ்டர் திரும்பிப் பார்த்துப் பதறினார். "என்னம்மா, வாயெல்லாம் ரத்தம்?"

"என்னுது இல்ல ஐயா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.