பாத்தியின் குறுக்கே ஒரு கோடு

டீச்சர், எனக்கு விடுதியில் இடம் கிடைக்காமல் செய்தது நீங்கள். விதிமுறை என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். விதிமுறை காகிதத்தில் கிடந்தது. அளந்தது உங்கள் கை.

பதினோராம் வகுப்பில் எங்களுக்கு இயற்பியல் எடுத்தவர் நீங்கள். பெண்கள் விடுதிக்குப் பொறுப்பும் நீங்கள்தான். அன்று இடப்பெயர்ச்சி வெக்டர்களைக் கூட்டும் பாடம். உள்ளூர்க் கணக்காகக் கொடுத்தால் எங்களுக்குப் புரியும் என்று ஒன்று போட்டீர்கள். ஒரு பெண் உப்பள வரப்பில் தெற்கே நான்கு கிலோமீட்டர் நடக்கிறாள். பிறகு மேற்கே திரும்பி மூன்று கிலோமீட்டர். அவளுடைய இடப்பெயர்ச்சி என்ன? அது என் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி. என்னிடம் கேட்டுத்தான் கணக்கே செய்தீர்கள்.

கரும்பலகையில் முதல் அம்பை வரைந்தேன். அதன் தலையில் இரண்டாவது அம்பின் வாலை வைத்தேன். ஏழு என்று எழுதிவிட்டு நின்றேன்.

"ஏளா, ரெண்டையும் சேத்து குறுக்க ஒரு கோடு போடு."

"அங்கன நடக்கக் கூடாது டீச்சர்."

"யாரு நடக்கச் சொன்னா?"

"குறுக்க உப்புப் பாத்தி டீச்சர். மிதிச்சா சேறு கலந்து உப்பு கறுத்துரும். கங்காணி ஏசுவாரு."

"ஒம் பேப்பர கங்காணியா திருத்துதாரு?"

வகுப்பே சிரித்தது. உப்பளத்தில் பிறந்த எவருடைய கையும் அந்தக் கோட்டைப் போடாது. வரப்பில் போவோம், வரப்பில் திரும்புவோம். நீங்கள் சாக்பீஸை வாங்கி, வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரே இழுப்பாக இழுத்தீர்கள். ஐந்து. நடந்த தூரம் வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்றீர்கள். மேற்கே முதலில் போய்ப் பிறகு தெற்கே திரும்பினாலும் அதே ஐந்துதான் என்றீர்கள். சரியான பாடம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா உப்பள வேலை முடிந்து, காலில் உப்போடு எனக்கு விடுதியில் இடம் கேட்டு உங்கள் அறைக்கு வந்தாள். வீடு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் விடுதி. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, காலையில் போட்ட அதே கோட்டைப் போட்டீர்கள்.

"சரியா அஞ்சுதான் வருதும்மா. அஞ்சுக்கு மேல இல்ல."

"கோடு போட்டுட்டிய டீச்சர். இவ வரப்புல சுத்திலா வரணும்? பஸ்ஸும் கெடையாது."

"வழி ஒங்க பாடு. தூரம்னா தூரந்தான்."

காலையில் அது தூரம் இல்லை. சாயங்காலம் தூரமாகிவிட்டது. நான் கதவோரம் நின்று கேட்டேன்.

அதன்பிறகும் தினமும் அந்த ஏழு கிலோமீட்டரை நடந்தேன். முதல் பீரியட் இயற்பியல். தாமதமாக வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். அந்த வருட இயற்பியலில் பாதியை ஜன்னல் வழியாகப் படித்தேன்.

ஒருநாள் உங்கள் கோட்டிலேயே நடந்து பார்த்தேன். இரண்டு பாத்தி தாண்டுவதற்குள் கங்காணி பிடித்துவிட்டார்.

"ஏளா, வரப்பு கண்ணுக்குத் தெரியலையா?"

"எங்க டீச்சர் இப்படித்தான் அளந்தாங்க அண்ணாச்சி."

"அப்ப அவுகள வந்து பாத்தி மிதிக்கச் சொல்லு."

நீங்கள் வரவில்லை. அம்மா மிதித்தாள். கறுத்த உப்பை வாரிக் கொட்டிவிட்டு, தரை மறுபடி இறுகும்வரை வெயிலில் மிதித்தாள். என் கால்தடங்கள் மட்டும் கோணல் இல்லாமல் நேராகப் போயிருந்தன. பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தேறினேன், அவ்வளவுதான். கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. கிடைத்ததில் படிக்கிறேன்.

இந்த வருடம் என் தங்கை பதினோராம் வகுப்பு. அதே வீடு, அதே பள்ளி, பொறுப்பில் அதே நீங்கள். அவளுடைய விண்ணப்பம் உங்கள் மேசையில் இருக்கிறது. இன்னும் அளக்கவில்லை என்று சொன்னீர்களாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருவாள். நானும் வருவேன். உங்கள் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டாம். எல்லோர் முன்னாலும் பலகையில் அந்த இரண்டு அம்புகளையும் போடுங்கள், குறுக்கே உங்கள் கோட்டையும் போடுங்கள். என் தங்கை எதில் நடந்து பள்ளிக்கு வர வேண்டும்? விரலை வைத்துக் காட்டிச் சொல்லுங்கள்.