பூட்டிய வரிசை வீடுகள்

வெள்ளைக்காரத் துரைமார் கோடைக்கு நீலகிரி ஏறிவந்த காலம். எங்கள் ஊர் முனிசிபாலிட்டி துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று கல்லும் ஓடுமாக ஒரு வரிசை வீடு கட்டியிருந்தது. அதற்கு ஒரு காவல்காரர். ஒடிசலான உடம்பு, தொளதொளத்த காக்கி நிஜார், இடுப்பில் சாவிக்கொத்து. அந்த வீடுகளுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார்.

உள்ளே யாரும் குடியிருக்கவில்லை. கோடைதோறும் மெட்ராஸிலிருந்து வரும் துரைகளைக் கூட்டிவந்து வீடுகளைக் காட்டுவார்கள். அவர்கள் தலையை ஆட்டிப் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மறுபடி பூட்டு.

ஓர் ஆடி மழையில், மண்ணெண்ணெய் விற்கப் போன நான் அந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். கீழே சரிவில் தொழிலாளர்களின் தகரக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்து, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றார்கள்.

"ஏனுங்க, மழை நிக்கற வரைக்குமாவது தெறந்து விடக்கூடாதுங்களா?" என்றேன் காவல்காரரிடம்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னங்க பேசறீங்க? ஆளுகளைக் குடி வெச்சா ஊடு கெட்டுப் போயிருமுங்க. அப்பறம் வர்ற கோடைக்குத் தொரைகளுக்கு எதைக் காட்டறது?"

எனக்கு வாய்வரை கெட்ட வார்த்தை வந்தது. அவர் அதற்குள் பூட்டுகளை இழுத்துப் பார்த்துவிட்டு, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். நனைந்து நின்ற பெண்களில் ஒருத்தியின் இடுப்பிலிருந்த பிள்ளை, "அப்பா" என்று அவரிடம் தாவியது. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டார். மறு கை, மழை படாமல் சாவிக்கொத்தைப் பொத்திக்கொண்டிருந்தது.

அந்த மறு கைதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.