காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு: பெட்ரோல் காரில் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்

காலை 5.50. காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள எங்கள் தெருவிலிருந்து புறப்பட்டோம். நான் நைனா என்று அழைக்கும் என் தந்தை, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றுக்குப் பதினான்கு ஆண்டுகளாக டீசல் காரில் ஆட்களை ஏற்றிச் சென்றவர். கார் உரிமையாளர் அதை விற்றுவிட்டுப் பெட்ரோல் கார் வாங்கிவிட்டார். புதிய காரை நைனா ஓட்டுவதைப் பார்த்த பிறகே வேலை தொடரும் என்று ஆலையின் போக்குவரத்து அதிகாரி கூறியிருந்தார். ஓட்டுநர் பள்ளியில் பெட்ரோல் காரில் பழகியவள் என்பதால் நைனா என்னையும் அழைத்துக்கொண்டார்.

இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். டீசல் கார், கிளட்சை மெல்ல விட்டாலே நகரும். பெட்ரோல் காருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆக்சிலரேட்டரைச் சற்று மிதிக்காவிட்டால் நின்றுவிடும். டீசல் மூன்றாம் கியரில் ஏறும் மேட்டுக்குப் பெட்ரோலில் இரண்டுக்கு இறங்க வேண்டும். லிட்டருக்கு எட்டு ரூபாய் அதிகமும்கூட. ஆனால் டீசல் இருக்கையையும் ஸ்டியரிங்கையும் ஓயாமல் நடுங்கவைக்கும்; பெட்ரோலில் என்ஜின் ஓடுகிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

6.35, வெங்கல். வேகத்தடையில் கார் நின்றுவிட்டது. நைனா ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டேயிருந்தார். "ஆஃப் ஆயிடுச்சு நைனா" என்றேன். திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகே சாவியைத் திருப்பினார்.

7.10, பெரியபாளையம். டீ பதினைந்து ரூபாய். என்ஜினை அணைக்காமல் காருக்குள்ளேயே குடித்தோம். கிளம்பும்போது, ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்கே மறுபடியும் சாவியைத் திருப்பினார். இரும்பை இரும்பு அரைக்கும் ஒலி.

"யோவ், வண்டி ஓடிக்கினுதான்யா கீது! இன்னா, தூக்கமா?" என்று டீக்கடைக்காரர் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டேன்: "காது எத்தினி நாளா கேக்கல?"

"ரெண்டு வருசமாவுது. வாயப் பாத்தே இன்னா பேசறாங்கன்னு தெரிஞ்சிக்குவேன். டீசல்ல காலே சொல்லிடும், எப்ப கியர் மாத்தணும்னு. இது பொணமாட்டம் கீது. பேஜாரு."

என்ஜின் வேகத்தைக் காட்டும் ஊசியைச் சுட்டினேன். "இதப் பாத்து ஓட்டு."

"ஊசியப் பாத்துக்கினு இருந்தா ரோட்ட யாரும்மா பாக்கறது?" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "அங்க எதுவும் சொல்லிடாத பாப்பா."

8.15. கவரைப்பேட்டைக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலை. எங்களை முந்த வந்த கன்டெய்னர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஊசியில் கண் வைத்திருந்த நைனா அதன் பக்கமே ஒதுங்கினார். ஸ்டியரிங்கைப் பற்றி இழுத்தேன். லாரி ஒரு சாண் இடைவெளியில் கடந்தது.

8.40, ஆலை வாசல். அதிகாரி பின்னிருக்கையில் ஏறி, தொலைபேசியில் பேசியபடியே ஒரு சுற்று போய் வந்தார். கார் ஒருமுறையும் நிற்கவில்லை. இறங்கி, வாசலில் நின்ற என்னிடம் வந்தார். "உங்கப்பா நல்லாத்தான் ஓட்றாரும்மா. நாளைலேர்ந்து ஆறு பேர ஏத்திக்கினு வரட்டும்."

நைனாவுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டேன்.

"சார், அவருக்குக் காது கேக்காது."

அதிகாரி தலையை உயர்த்திக் காரைப் பார்த்தார். நானும் திரும்பினேன். நைனா உள்ளேயிருந்து அவரைக் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

9.05. திரும்பும்போது நான் ஓட்டினேன். "நாளிக்கு எத்தினி மணிக்கு வரச் சொன்னாரு?" என்று நைனா கேட்டார். பதில் சொல்ல வேண்டுமானால் அவர் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். கவரைப்பேட்டை தாண்டியும் நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.