மெட்ரோவுக்கு முனகாத பேஸ்

பழைய பேஸ் கிட்டார் வாங்கி விற்கிற தொழிலில் உள்ள பெரிய கஷ்டமே, இருக்கும்போது யார் காதிலும் விழாத, இல்லாமல் போனால் மட்டும் "என்னமோ குறையுதே" என்று எல்லாரும் தேடுகிற ஒரு சாமானை விற்றுப் பிழைக்க வேண்டியிருப்பதுதான். மேடையில் மூலையில் நின்று வாசித்து, போட்டோவில் பாதித் தோள் மட்டும் விழுந்த சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவில் தமிழன் என்றால் ஆபீஸ், பேங்க், இல்லாவிட்டால் இட்லிக் கடை என்று நினைக்கிற ஊரில், பவானிபூரில் எங்கள் வீட்டுக் கீழறையில் இந்தக் கடையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் தேடியபோது என் அம்மா இதை "மியூசிக் பிசினஸ்" என்று சொல்லிச் சமாளித்தாள்.

மிச்ச ரெண்டு கம்பி

வருகிறவர்களில் பாதிப் பேர், நாலு கம்பியைப் பார்த்துவிட்டு, மிச்ச ரெண்டு கம்பி அறுந்துபோச்சா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் ரிப்பேர் வேலை பார்க்கிற பாப்லுதாவைக் கைகாட்டிவிடுகிறேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; பெங்காலியில் அண்ணனுக்கு தாதா, அக்காவுக்கு தீதி, அதனால்தான் பெயரோடு அந்த 'தா'. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி ஒரு முறை முறைப்பார், கேட்டவர் கப்சிப்.

எங்கள் தெருவுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. ரயில் போகும்போதெல்லாம் சுவரில் தொங்குகிற பேஸ்களின் தடித்த கம்பி தானாக அதிர்ந்து முனகும். ஒன்று ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். மற்ற கடைக்காரர்கள் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி வாயை அடைத்துவிடுவார்கள். நான் செருகுவதில்லை. நன்றாக முனகுகிற பேஸ் நல்ல மரம், வாங்க வருகிறவன் காதில் அது விழட்டுமே என்று ஒரு வியாபார புத்திதான்.

ஒரு மத்தியானம் மகளுக்கு ஒரு பேஸ் பார்க்க வந்த பெங்காலி அம்மாள், சுவர் முழுக்க முனகியதும் மகள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை தீதி, கீழே மெட்ரோ என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ரயில் போறப்ப நடுங்குது, சரி. ரயில் போனப்புறமும் அந்த ஒண்ணு எதுக்கு நிறுத்த மாட்டேங்குது?" அது நல்ல மரம், ரொம்ப நேரம் நீளும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கார்டன் ரீச்சிலிருந்து வந்த பை

துர்கா பூஜை முடிந்து பந்தல் மூங்கிலையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்த சமயம். நடுத்தர வயசுக்காரர் ஒருவர் கறுப்புப் பை ஒன்றைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையிலும் ஏந்தி வந்தார். தமிழா என்று கேட்டு, ஆமாம் என்றதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பெயர் முருகேசன், திருநெல்வேலிப் பக்கம், ரயில்வேயில் வேலை, கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். ஒரே பையன் ராகுல். காலேஜ் முடித்து ஒரு பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தவனை மழைக்காலத்து டெங்கு கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளில்கூட, திரும்பி வந்து வாசிக்க வேண்டும், யாரும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

பையன் வாசித்து ஒருநாளும் கேட்டதில்லை என்றார் அண்ணாச்சி. எனக்கு அது புரிந்தது, உங்களுக்கும் புரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததிலிருந்து அவன் ஹெட்போன் மாட்டித்தான் வாசித்திருக்கிறான். நமக்குக் காதில் இடி இடிக்கும், வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கம்பி கட்டையில் படுகிற டொக் டொக் மட்டும்தான் கேட்கும். எத்தனையோ வருஷம் அந்த டொக் டொக்கைக் கேட்டே பெற்றவர்கள் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டம்மா சாந்தி கிளம்ப மாட்டேன் என்கிறாளாம். பையன் அறையில் இந்தப் பைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், சாப்பாடு அங்கேதான், தூக்கம் அங்கேதான். அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்து வந்திருக்கிறார். சாந்தி அக்காவைக் கேட்காமல் வாங்குவது சரியா என்று நான் தயங்கினேன். அவர் பையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவ இதுகிட்ட உக்காந்து பேசிக்கிட்டு இருக்கா தம்பி. இது போனாத்தான் நான் அவளைக் கூட்டிட்டுப் போக முடியும்."

ஒன்று மட்டும் சும்மா

நல்ல கறுப்பு பேஸ். கழுத்துப் பின்பக்கம் அவன் கட்டைவிரல் ஓடி ஓடி வழவழவென்று ஆகியிருந்தது. கம்பியை மாற்றி, துடைத்து, சுவரில் நடுவில் மாட்டினேன்.

ரயில் போனது. எல்லாம் முனகியது, அது முனகவில்லை. இரண்டு பக்கமும் இருக்கிற பேஸ்கள் நடுங்குகின்றன, நடுவில் அது மட்டும் கப்பென்று இருக்கிறது. இடம் மாற்றி மாட்டினேன், அங்கேயும் அப்படித்தான். மரம் செத்த மரமோ என்று கையில் எடுத்து வாசித்தால், சுரம் தொடங்குகிறது, நீளமாட்டேன் என்கிறது. நாம் வாசிக்கும்போது தேவையில்லாத கம்பியை உள்ளங்கையால் லேசாக அழுத்தி அடக்குவோமே, அதே மாதிரி யாரோ அடக்குகிறார்கள்.

பாப்லுதா கழுத்தைக் கழற்றிப் பார்த்தார், கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்பைப் பார்த்தார், ஒவ்வொரு திருகாக முடுக்கினார். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். பேய் பிசாசு என்று வாய் தவறிக்கூடச் சொல்லாத மனுஷன் அவர், பூஜைப் பந்தலில் பூப்போட்டு அஞ்சலிகூடப் பண்ணமாட்டார். "கருவி சரியா இருக்கு," என்றார். "மேல வெச்சிருக்கற கையை எடுக்கச் சொல்லு, அப்புறம் நான் பாக்கறேன்."

அலிப்பூர் வக்கீல்

என்ன ஆனாலும் நான் வியாபாரி. அலிப்பூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற தேபாஷிஷ் என்கிற என் பழைய கஸ்டமர் வந்து, எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார். சுரம் நீளாதே என்று சொன்னேன். அப்படிப்பட்ட அடங்கின சத்தம்தான் வேண்டும் என்று கொண்டுபோனார். நம் ஆட்களுக்கு ரசனை எப்படியெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரமே பையும் கையுமாக வந்து நின்றார். குறுக்கு விசாரணையில் அடுத்தவனை அழவைக்கிற ஆள், சுவரைப் பார்த்தபடி பேசினார். பகலில் ஒன்றும் இல்லையாம். பொழுது சாய்ந்து விளக்குப் போடுகிற நேரத்தில் வாசிக்க எடுத்தால், இவர் விரல் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அங்கே கம்பி அமுங்கியிருக்கிறதாம். ஏதாவது ரிப்பேர் இருக்கும், பார்க்கிறேன் என்று மழுப்பினேன். அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ரிப்பேர் ஒண்ணும் இல்ல தாதா. இதை வாசிச்சுக்கிட்டு இருந்தவர் இன்னும் எழுந்திருக்கல."

சாந்தி அக்கா

நான் பயந்தது நடந்தது. ஒரு நாள் மத்தியானம், சாயம் போன காட்டன் புடவையில் ஒரு அம்மாள் வாசலில் நின்று, சுவரில் நேராக அந்தக் கறுப்பு பேஸைப் பார்த்தார். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உட்காருங்க அக்கா என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மின்சாரத்தில் மாட்டினால் இது எப்படி இருக்கும், ஒரு தடவை கேட்கணும் என்றார். ஆம்ப்ளிஃபயரில் செருகி, அடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். அன்றைக்கு, முதல்முறையாக, சுரம் அடங்காமல் முழுசாக நீண்டது. தரையில் அதிர்வு ஏறி அவர் ஸ்டூல் வரைக்கும் போனது. பாப்லுதா ஈயம் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டார். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய சத்தத்தையா அவன் காதுக்குள்ளேயே வைத்திருந்தான் என்று கேட்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பிறகு ஒயரைப் பிடுங்கச் சொன்னார். வெறுமனே வாசித்தேன், டொக் டொக். இதுதான், இதுதான் என்றார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். பையன் போனப்புறம், பேஸ் வீட்டில் இருந்தவரைக்கும் அந்த அறை சத்தமே இல்லாமல் கிடந்ததாம். அது என் கடைக்கு வந்த மறுநாள் சாயங்காலத்திலிருந்து, பூட்டின அறைக்குள் டொக் டொக் கேட்கிறதாம். வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை, இவருக்கு மட்டும். இனி இந்த அறையை விட்டு எப்படிச் சென்னைக்குப் போவது, அவனை ஒத்தையில் விட்டுவிட்டா போவது என்பதுதான் அவர் பயம்.

ஞாபகம்தான் அக்கா, பழகின காது அப்படித்தான் கேட்கும் என்றேன். அவர் என் மேஜையில் ஒரு விரலால் தாளம் தட்டிக் காட்டினார். ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூணு, நடுவில் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து. எந்தப் பாட்டு என்று எனக்கும் பிடிபடவில்லை, பாப்லுதாவுக்கும் பிடிபடவில்லை. "ஞாபகம்னா பழசுதான தம்பி வரணும்?" என்றார் அக்கா. "இது எனக்குத் தெரியாதது. புதுசா ஒண்ணு கத்துக்கிட்டு இருக்கான்."

வீட்டுக்குப் போனதும் வந்ததும்

கொண்டுபோங்க அக்கா என்று அன்றைக்கே பையில் போட்டு, டாக்சியில் ஏற்றிவிட்டேன். அதைச் சென்னைக்கும் எடுத்துப் போனால் பையனும் கூடவே வருவான் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கோ விட்டது சனி என்று நிம்மதி, பொய் சொல்லக்கூடாது.

சில நாளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தார்கள். அக்கா முகம் வற்றிப்போயிருந்தது. பை வீட்டுக்குள் நுழைந்த சாயங்காலத்தோடு சத்தம் நின்றுவிட்டதாம். அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஒன்றும் இல்லை. அண்ணாச்சிக்கு நாங்கள் பேசுவதெல்லாம் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் பெண்டாட்டி மறுபடி சோற்றைத் தொடவில்லை என்பது அவருக்குத் தெரிகிறதே, அதற்காகத் தூக்கி வந்திருக்கிறார்.

பழைய இடத்திலேயே மாட்டினேன். மூன்று பேரும் ரயிலுக்காகக் காத்திருந்தோம். ரயில் போனது, சுவர் முழுக்க முனகியது, அது மட்டும் கம்மென்று இருந்தது. அக்கா எழுந்து பக்கத்தில் போய் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். சென்னைக்கு நீங்கள் போனபிறகு இது இங்கே இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். திரும்பி என்னைப் பார்த்தார். "வீட்டுல இருந்தா இது எங்ககிட்ட இருக்கு. இங்க இருந்தா அவன்கிட்ட இருக்கு. இங்கயே இருக்கட்டும் தம்பி."

சென்னையிலிருந்து

அன்று சாயங்காலமே குவார்ட்டர்ஸில் சத்தம் திரும்பிவிட்டதாம், அந்த நம்பிக்கையில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். குவார்ட்டர்ஸுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். அக்கா அந்த அறையிலிருந்து ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று அண்ணாச்சி ரயிலிலிருந்து போனில் சொன்னார். அதன் பிறகு பேச்சு மூச்சு இல்லை. சத்தம் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டதோ, சென்னையில் அக்கா எந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை. நானாகக் கூப்பிடவும் தைரியம் வரவில்லை. பாப்லுதா மட்டும் தினமும் வந்ததும் அந்தக் கறுப்பு பேஸைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உட்காருவார்.

பொங்கல் முடிந்து ஒருநாள் அண்ணாச்சியிடமிருந்து போன். முதலில் வெயில், தண்ணீர், ஆபீஸ் என்று சுற்றி வளைத்தார். புது வீட்டில் ஆரம்பத்தில் சாந்திக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். சாயங்காலமானால் ஒவ்வொரு அறையாகப் போய் நிற்பாளாம். எல்லாம் தலைமுழுகியாச்சு, அந்த பேஸை வித்துடுங்க என்று எனக்குச் சொல்லத்தான் அவர் இருந்தாராம்.

நேற்று சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போயிருந்தாளாம், வீட்டில் இவர் தனியாக. விளக்கைப் போட்டுவிட்டுப் பேப்பர் எடுத்து உட்கார்ந்தாராம். அப்புறம் சுவரில் டொக் டொக் என்று சொன்னதோடு அவர் குரல் அறுந்தது. லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்கிறேன், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சாந்தி திரும்பி வந்து பார்த்தபோது இவர் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாராம், ரெண்டு பேரும் அங்கேயே இருந்துவிட்டார்களாம். ராகுல் புதுசாகக் கத்துக்கொண்டிருந்தது இப்போது தடுமாறாமல் வருகிறது என்று அவள் சொன்னாளாம்.

சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்றேன். அவர் சொன்னார்: "அதை வித்துராதீங்க தம்பி. நல்லா வாசிக்கான். பக்கத்து ரூமுலயே இருந்தான், எனக்குத் தெரியாமப் போச்சு."

ஆகவே, சக பாவிகளே, என் கடைக்கு வந்தால் எந்த பேஸுக்கு வேண்டுமானாலும் அடிமாட்டு விலை பேசுங்கள், நடுநாயகமாகத் தொங்குகிற அந்தக் கறுப்பு பேஸை மட்டும் கேட்காதீர்கள், அது உபயோகத்தில் இருக்கிறது.