டி.வி. பார்க்கும் வேலையை விட்டுவிட்டேன்

இன்று மாலை எங்கள் வீட்டில் என்மேல் ஒரு விசாரணை நடந்தது!

குற்றம்: டி.வி. பார்க்க மறுத்தது.

(சிரிக்காதீர்கள். மற்ற வீடுகளில் பார்த்தால் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் பார்க்காவிட்டால் திட்டு.)

எங்களுடையது காஞ்சிபுரத்தில் நெசவு வீடு. கூடத்தில் பட்டுத் தறி. மகன் குமார் நெய்வான். மருமகள் மல்லிகா ஓரத்தில் உட்கார்ந்து, பார்டர் நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடாக் கட்டையை அவன் கைக்கு ஈடாகத் தள்ளுவாள். இருவருக்கும் கண் இழையைவிட்டு நகரக்கூடாது. ஆகவே டி.வி.க்குக் காதை மட்டும்தான் கொடுப்பார்கள்.

கண்?

அது நான்! முழங்கால் தகராறு செய்து தறிக்குழியைவிட்டு ஏறிய நாள் முதல் எனக்கு இந்த உத்தியோகம்.

சீரியலில் பேசிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. பேச்சு நின்று வெறும் இசை வந்தால் போதும், தறியிலிருந்து குரல் வரும்.

"மாமா, பாட்டு மட்டும் வருது. இன்னா ஆவுது?"

"ஒண்ணும் ஆவலமா. மொறைச்சிக்கினு நிக்கிறாங்க."

"யாரு யாரை மொறைக்கிறாங்க?"

"எல்லாரும் எல்லாரையும்!"

அமாவாசையன்று தறிக்கு விடுமுறை. அன்றைக்காவது மல்லிகா தன் கண்ணால் பார்ப்பாள் என்று எழுந்தால் விடமாட்டாள். "இவளா அவ? குரலைக் கேட்டு குண்டா இருப்பானு நெனச்சிக்கினு இருந்தேன். ஒக்காருங்க மாமா, மத்தவங்க யாரு யாருனு சொல்லுங்க!"

தறிக்குக்கூட மாதம் ஒருநாள் ஓய்வு உண்டு. எனக்கு இல்லை!

போன மாதம் எனக்கு வெறுத்துவிட்டது. சீரியலில் எப்போதும் ஒரே மாடிப்படி. அந்த வீட்டில் ஒவ்வொருவராக அதில் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். (இவ்வளவு பேர் விழுந்தும் ஒரு கைப்பிடி போடத் தோன்றவில்லை பாருங்கள்.) செய்திக்கு மாற்றினால் கட்டம் கட்டமாகத் தலைகள், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை.

இனிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, பொழுதுபோக்குத் தேடி வெளியே கிளம்பினேன்.

முதலில் படிப்பகம். ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். எனக்கு எப்போதும் இரங்கல் விளம்பரப் பக்கம்தான் கிடைத்தது. முதல் பக்கத்தை வைத்திருப்பவர் அதை முகத்தில் போர்த்தித் தூங்குகிறார்!

பிறகு பஸ் ஏறி ஓரிக்கை பாலாற்றுப் பக்கம் போனேன். மணலைப் பார்த்தேன். மணல் என்னைப் பார்த்தது. திரும்பிவிட்டேன்.

கடைசியில் எங்கள் தெருமுனை கேரம் மன்றம். அங்கே ஆடுகிறவர்களில் ஒருவர் மகள் வீட்டோடு வாலாஜாபாத் போய்விட்டதால் ஓரிடம் காலி. நான் போய் நின்றதும், ஆடிக்கொண்டிருந்த செல்வம் ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டான்.

"வா பெருசு, ஒக்காந்து பாரு."

எனக்கு வந்தது கோபம்! "பாக்கறதுக்குத்தான் ஊட்லயே ஒண்ணு இருக்குதே! நான் ஆட வந்தேன்பா!"

"கை நடுங்குமே பெருசு?"

"நடுங்குதா இல்லையானு காயைக் கேளு!"

(நடுங்கியது. ஆனாலும் காய் விழுந்தது.)

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அந்த நாலாவது இடம் என்னுடையது. பார்க்கிற இடம் இல்லை, ஆடுகிற இடம்!

சீரியலுக்கும் அதே ஏழு மணி. அங்கேதான் வந்தது வினை.

நேற்று நான் மன்றத்தில் இருந்தபோது டி.வி.யில் பேச்சு நின்று, திடீரென்று அழுகைச் சத்தமும் சங்குச் சத்தமும் கேட்டிருக்கிறது. செத்தது யார் என்று சொல்ல ஆள் இல்லை. மல்லிகா பொறுக்காமல் கழுத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். நாடா தள்ளுவது ஒருமுறை தவறிவிட்டது. சேலையின் உடல் பகுதியும் பார்டரும் சேரும் இடத்தில் இழை விட்டுப்போய், அதுவும் கவனிக்காமல் ஒரு விரற்கடை அளவு நெய்த பிறகே தெரிந்திருக்கிறது. இன்று காலை முழுவதும் பிரித்தார்கள்.

அதற்குத்தான் விசாரணை.

"நீங்க இருந்திருந்தா நான் திரும்பியிருப்பேனா மாமா?"

"டி.வி.யை நிறுத்திட்டு நெய்யிங்களேன்!"

"அது இல்லாம கை ஓடாது நைனா," என்றான் குமார்.

"அப்ப நான் இன்னாத்துக்கு?"

மல்லிகா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு வேற இன்னா வேலை மாமா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்!

எனக்கு நேரம் மிச்சம் இருக்கலாம். அதற்காக அது பொதுச் சொத்து ஆகிவிடுமா? வேலைக்குப் போகிறவன் கேரம் ஆடினால் ஓய்வு. வயதானவன் ஆடினால் ஊர் சுற்றலா?

சட்டையைப் போட்டேன். ஏழு மணிக்கு மன்றத்தில் இருந்தேன்.

ஆட்டம் சூடு பிடித்தது. சிவப்புக் காய்க்கு நேராக ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கிறேன். போன் அடித்தது. மல்லிகா!

"மாமா! யாரோ தடால்னு விழுந்துட்டாங்க. யாருனு தெரியல. நான் திரும்பல மாமா, சத்தியமா திரும்பல!"

"தடதடனு உருண்டு அப்பறம் விழுந்துதா?"

"ஆமா மாமா."

"அப்ப மாடிப்படி. சின்ன மருமவ போன மாசமே விழுந்தாச்சி. பெரியவ ஊர்ல இல்ல. இது மாமியார்தான். நீ தறியைப் பாரு."

அந்தப் பக்கம் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு டி.வி.யில் யாரோ "ஐயோ, அத்தை!" என்று அலறினார்கள்.

"மாமியார்தான் மாமா! அங்க டி.வி. இருக்குதா?"

"இல்லமா."

"பெருசு, போனை வை! ஆட வந்தியா, கதை சொல்ல வந்தியா?" என்று செல்வம் கத்தினான். வைத்தேன். சிவப்பு தவறிவிட்டது. தோற்றோம்.

நாளையும் ஏழு மணிக்குப் போவேன். போன் வந்தால் எடுப்பேன், என் ஆட்டம் முடிந்த பிறகு.

(இதை எழுத நானே கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்தினால் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.)

நண்பர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். பார்க்காமலேயே சொல்ல முடிகிற ஒன்றை நான் எதற்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும்?