நீல ஸ்வெட்டரின் ஒரு கை

டிப்போவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. மேனேஜர் முதல் பஸ் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்வெட்டரக்காதான். டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மடியில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த விஷயத்தில் கறார். ஆனால் கவுண்ட்டர் கதவைச் சாத்திவிட்டு எழுந்தாளோ இல்லையோ, கைப்பையிலிருந்து இரண்டு பின்னல் ஊசிகளும் ஒரு நூல் உருண்டையும் வெளியே வந்துவிடும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே பின்னுவாள். உட்கார்ந்திருப்பவர்கள், ஊசி கண்ணில் குத்திவிடுமோ என்று பயந்தே எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள்.

அவள் புருஷன் அதே டிப்போவில் டிரைவர். காலை ஷிஃப்ட் அவருக்கு, மதியத்துக்கு மேல் அவளுக்கு. இரண்டு பிள்ளைகளையும் டிப்போ வாசலில் கைமாற்றிக்கொள்வார்கள். பெரியவளுக்குப் பத்து வயது. சின்னவனை எல்லோரும் வாண்டு என்பார்கள். அந்தப் பெயருக்கு அவன் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அந்த ஊரில் குளிர் வந்தால் லேசில் போகாது. அதனால் அந்த வீட்டில் பின்னல் ஓயாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும், அவள் பக்கத்தில் நின்று நாலு வரிசை போடுவாள். வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு இரண்டு வரிசை. பெரியவளிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே பின்னுவதில்தான் வம்பு வரும்.

"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்பாள் பெரியவள்.

"அய்யோ, நான் நாப்பத்தி மூணுல இருந்தேன்! போச்சு. ஏன்டி, கொஞ்சம் மெதுவா சொன்னா உன் வாத்தியார் கோவிச்சுக்குவாரா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, முதல் கண்ணியிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள்.

டேப் வைத்து அளந்து யாரும் பார்த்ததில்லை. பெரியவளுக்குத் தலை வாரும்போது தோளில் ஒரு சாண் போட்டுப் பார்ப்பாள். வாண்டு ஓடும்போது கையைப் பிடித்து நிறுத்தி, மணிக்கட்டைச் சுற்றி விரலை வளைத்துவிட்டு அனுப்பிவிடுவாள். அவ்வளவுதான் அளவு. போட்டுப் பார்த்தால் தைத்து ஒட்டினதுபோல இருக்கும்.

"இந்த வீட்டுல எனக்கு மட்டும் குளிரே அடிக்காது போல. எருமைத் தோலுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று டிரைவர் கேட்பார்.

"நீங்க வளர்றதை நிறுத்தி இருபது வருஷம் ஆச்சுங்க. பழைய ஸ்வெட்டரே பத்தும். வயித்தை மட்டும் கொஞ்சம் எக்கிக்கிங்க."

இதையெல்லாம் அவர் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். சிலருக்கு டிவி, சிலருக்கு ஊர்வம்பு, இவளுக்கு ஊசியும் நூலும் என்று நினைத்திருந்தார். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அவள் பின்னிக்கொண்டிருந்தது பெரியவளுக்கான நீல ஸ்வெட்டரைத்தான். உடம்பும் ஒரு கையும் முடிந்து, இன்னொரு கை முழங்கை வரை ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. வரப்போகிற பிள்ளைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறவளுக்குத்தான் அவசரம் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பிவிட்டது. குளிர் பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒருநாள், ஏழாம் மாதம் கூட முடியாதபோது, கவுண்ட்டரிலேயே வலி கண்டுவிட்டது. முன்னால் நின்ற பயணிக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான், "யாராவது வாங்களேன்" என்று கூப்பிட்டாளாம். டிரைவர் விஷயம் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

அவர்தான் முதலில் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே, சிவப்பாக, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி கிடந்தது. இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்தான், ஆனாலும் இவ்வளவு சின்னதாக ஒன்றை அவர் பார்த்ததில்லை. தோல் அவ்வளவு மெல்லியது. உள்ளே ஓடும் நரம்பு வெளியே தெரிந்தது. காதைப் பார்த்தார். காது மடிப்பு மடிப்பாக முழுசாக இருந்தது. விரலைப் பார்த்தார். அரிசி முனை அளவுக்கு நகம் இருந்தது. புருவம் இருக்கிற இடத்தில் பூனைமுடிபோல ஒரு கோடு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நெஞ்சு மட்டும் விசுக் விசுக்கென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் அவளைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அந்தப் பிரிவின் பெரிய நர்ஸுக்கு வாய் கொஞ்சம் காரம், கை வெகு மிருது. அவள் சொன்னாள்: "ரெண்டு நாள் போகட்டும்மா. மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் குழந்தையை உங்க நெஞ்சோட அணைச்சு வைக்கணும். அதை விட நல்ல மருந்து எங்ககிட்ட இல்ல. ஆனா தலை சூடு போயிடக் கூடாது. தொப்பி வேணும். எங்ககிட்ட இருக்கிறதுல சின்னது கூட இதுக்குக் கழுத்து வரைக்கும் இறங்குது."

"நான் பின்றேன் சிஸ்டர்" என்றாள் அவள், மேற்கொண்டு எதுவும் கேட்காமல்.

பெட்டியின் வட்டக் கதவு வழியாகக் கையை உள்ளே விட்டாள். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைச் சாண் போட்டு அளந்த கை. இங்கே சாணுக்கு வேலையே இல்லை. கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து, தொட்டும் தொடாமலும் அந்தத் தலையைச் சுற்றி வைத்தாள். விரலைப் பிரிக்காமல் அப்படியே வெளியே எடுத்தாள். வார்டுக்குத் திரும்பும் வரை வளைத்த விரல் வளைத்தபடியே இருந்தது. வழியில் வார்டு ஆயா ஒருத்தி, "கை பிடிச்சுக்கிச்சாம்மா?" என்று கேட்டபோதுகூட அவள் விரலைப் பிரிக்கவில்லை.

டிரைவர் வீட்டிலிருந்து ஊசிகளையும் அலமாரியில் இருந்த புது வெள்ளை நூலையும் கொண்டுவந்தார். அவள் நூலை மணிக்கட்டின் உட்பக்கம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"குத்துதுங்க."

"புது நூலாச்சே! எனக்கு நல்லா மெத்துன்னு இருக்கே."

"உங்களுக்கு இருக்கும். அவளுக்குத் தோலே இன்னும் சரியா வரலையே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊசியையும் நூலையும் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது, பேச்சுவாக்கில் அதைச் சொன்னார். பெரியவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நீல ஸ்வெட்டரோடு வந்தாள்.

"இதுல பிரிச்சுக்கலாம்ப்பா. இது குத்தாது. நான் பாப்பாவா இருந்தப்போ அம்மா எனக்குப் போட்ட போர்வை நூல் இது. அப்புறம் அதைப் பிரிச்சு எனக்குக் குட்டி ஸ்வெட்டர். அப்புறம் அதையும் பிரிச்சு, இன்னும் கொஞ்சம் நூல் சேர்த்து இது. துவைச்சுத் துவைச்சு எப்படி ஆயிடுச்சு பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். பழைய குட்டி ஸ்வெட்டராகப் பிள்ளையின் தோளில் தினமும் பார்த்த நூல்தான். கை வைத்து உணர்ந்தது அன்றுதான். பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது.

"ஏய், அம்மா திட்டுவாடி. குளிர் ஆரம்பிச்சாச்சு. நீ எதைப் போட்டுக்குவே?"

"ஒரு கை இருக்குல்ல, போதும்" என்று சொல்லிக்கொண்டே, முழங்கை வரை வந்திருந்த கையிலிருந்து ஊசியை உருவிவிட்டாள்.

அவர் தடுக்கக் கையை நீட்டினார். ஆனால் அவள் பதறவில்லை. நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரு வரிசை கரைந்தது. பிறகு அடுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை போயிற்று, தோள் வரை எல்லாம் போயிற்று. தரையில் சுருள் சுருளாக நூல் குவிந்தது. வாண்டுவின் கைகளை நீட்டச் சொல்லி, அதில் சுற்றினாள். ஆச்சரியம், அந்தப் பயலும் அசையாமல் நின்றான். சுற்றியதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, கசக்காமல் அலசி, நாற்காலி முதுகில் மாட்டி, சுருள் நிமிர்வதற்காக அடியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றையும் தயங்காமல் செய்தாள். தாய்க்காரி கிட்டே நின்று செய்கிறாளோ என்று அவருக்கு ஒரு கணம் மயக்கமாக இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் சொல்லலையே. அம்மா செய்யறப்போ பார்ப்பேன்" என்றாள் அவள், இதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

மறுநாள் அந்த நீல உருண்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தாய்க்காரியிடம் கொடுத்தார். அவள் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கை கண்டுபிடித்துவிட்டது. விரல் பட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"பெரியவளா?"

"ம்."

"நிமிர்த்தி வேற குடுத்திருக்கா" என்றவள், நூலை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

அப்போது ரவுண்ட்ஸ் வந்த பெரிய நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, கையில ஒரு ஊசி ஏறியிருக்கு. அது பத்தாதுன்னு இன்னும் ரெண்டு ஊசியா?"

"அது எனக்கு சிஸ்டர், இது அவளுக்கு" என்றாள். பிளாஸ்திரி ஒட்டிய கையைத் தலையணை மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, மற்ற கையால் நூலைச் சுற்றிச் சுற்றிப் பின்னினாள். டிரைவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தக் கையைக் கவனித்துப் பார்த்தார். ஒரே ஒரு நூல். அதில் முடிச்சும் இல்லை, வெட்டும் இல்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்தாள், அதற்குள் இன்னொன்று. சற்றுமுன் வெறும் நூலாக இருந்தது குழிந்து, வளைந்து, ஒரு தலை உட்காருகிற இடமாக மாறிக்கொண்டிருந்தது. அவர் தினமும் அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து பஸ் ஓட்டுகிற மனிதர். அந்தப் பாதையைப் பார்ப்பதுபோலவே கண்ணை எடுக்காமல் அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தொப்பி பெரிதாகிவிட்டது. குழந்தைக்கு வைத்துப் பார்த்தபோது மூக்கு வரை இறங்கிற்று. "கை கொஞ்சம் ஆசைப்பட்டுடுச்சு" என்று சொல்லி அவள் அதைப் பிரித்தாள். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது.

அன்றுதான் குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். நர்ஸ் ஒயர்களை ஒதுக்கிப் பிடித்து, அவள் நெஞ்சின் மேல் குப்புறப் படுக்க வைத்து, மேலே போர்வையைப் போர்த்தினாள். வெளியே தெரிந்தது நீலத் தொப்பி மட்டும்தான். டிரைவர் பக்கத்தில் இருந்த திரையைப் பார்த்தார். குதித்துக்கொண்டிருந்த எண்கள் மெல்ல அடங்கின. அவளுடைய மூச்சு ஏற, தொப்பி ஏறிற்று, இறங்க, இறங்கிற்று. போகப்போக இரண்டு மூச்சும் எது யாருடையது என்று தெரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

இதற்கிடையே பள்ளிக்கூடத்திலிருந்து டிரைவருக்கு ஃபோன். டீச்சரின் குரலில் பதற்றம்.

"சார், உங்க பொண்ணு ஒரு கை மட்டும் இருக்கிற ஸ்வெட்டரோட வந்திருக்கா. என்னம்மா இதுன்னு கேட்டா, 'இன்னொரு கை ஆஸ்பத்திரியில இருக்கு டீச்சர்'ங்கறா. என்ன ஆச்சு சார்?"

அவர் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் டீச்சர் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. உள்ளே ஃபுல்கை சட்டையும் தெருவில் மேலே கோட்டும் இருந்ததால் பெரியவளுக்குக் குளிர் ஒன்றும் தெரியவில்லை. பெருமைதான் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தொப்பி சிறிதாகச் சிறிதாக, தாய்க்காரி அதைப் பிரித்து, அதே நூலில் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று போடுவாள். குழந்தையின் எடையை நர்ஸ்கள் தராசில் பார்த்தார்கள். டிரைவருக்கு அந்த கிராம் கணக்கு மண்டையில் ஏறவில்லை. தொப்பியில் ஒரு வரிசை கூடியிருந்தால், அன்றைக்கு டிப்போ முழுக்க டீ அவர் செலவு.

நடுவில் ஒரு வாரம் பயமுறுத்திவிட்டது. காய்ச்சல் வந்து, குழந்தையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அந்த வாரம் தொப்பி வளரவில்லை. அவள் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் விட்டுவந்த வாண்டுவுக்குக் கையுறை பின்னினாள். "அவனுக்கும் குளிருமில்ல" என்றாள். கண் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. ஊசி தன்பாட்டுக்கு ஓடிற்று. கையுறையில் ஒரு கண்ணிகூடத் தவறவில்லை.

காய்ச்சல் விட்டது. குழாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. குளிர் குறைந்து, தெருவில் ஆட்கள் கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்த சமயத்தில் குழந்தை வீடு வந்து சேர்ந்தது. வந்தவுடன் அவள் முதலில் கையில் எடுத்தது பெரியவளின் ஸ்வெட்டரைத்தான். நீல நூல் மீதி போதாமல் இரண்டாவது கையை வெள்ளையில் பின்னினாள். "எல்லாத்தையும் பிரிச்சு ஒரே மாதிரி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டதற்கு, "வேணவே வேணாம்" என்று பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள் பெரியவள்.

கோடை முடிவில் குழந்தையைக் காட்டுவதற்காக மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிய நர்ஸ் முதலில் தாயைப் பார்த்தாள். பிறகு அவள் இடுப்பில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"இது யாரு? அடுத்ததா?"

"அதேதான் சிஸ்டர்."

"பொய் சொல்லாதீங்க" என்று கையை நீட்டி வாங்கினாள். அறிமுகமில்லாத கை பட்டதும் குழந்தைக்குப் பொறுக்கவில்லை. முகம் சிவந்தது, வாய் கோணிற்று, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தியது. நடையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மருந்துத் தட்டைத் தூக்கிவந்தவர் ஒரு அடி பின்வாங்கினார். எங்கேயோ ஒரு கதவு திறந்து, ஒரு டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அடேங்கப்பா!" என்றாள் நர்ஸ், கண்ணில் நீர் முட்ட. "பஸ் ஹாரன் தோத்துடும் போலிருக்கே."

டிரைவர் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். இவ்வளவு சத்தம் எங்கே இருந்தது? எதற்குள் இருந்தது? அவள் கையை நீட்டிக் குழந்தையை வாங்க வந்தபோது அவர் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு இரு, கொஞ்சம் கத்தட்டும்" என்றார்.