நான் விட்டுக்கொடுத்த ஓட்டம்

எங்கள் ஊர்ப் பக்கம் கடல் கிடையாது. ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை, மற்றப் பக்கமெல்லாம் வயலும் மில்களும்தான். அதனாலோ என்னவோ, நான் வேலை பார்த்த நூற்பாலையில் வருஷத்துக்கு ஒருநாள், சித்திரை மாதத்தில், தொழிலாளர்களை இரண்டு பஸ்களில் ஏற்றித் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவார்கள். சாமி கும்பிட்ட கையோடு கடற்கரையில் ஓட்டப்பந்தயம். கரையேற்றிப் போட்டிருக்கும் ஒரு வள்ளத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி, தூரத்தில் நட்ட கம்பைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஜெயிக்கிறவனுக்கு ஒரு எவர்சில்வர் வாளி கிடைக்கும். அதைவிட, அடுத்த சித்திரை வரைக்கும் மில்லுக்குள் ஒரு பெயர் இருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் நான் ஜெயித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டாவதாக வந்தவர் என் அக்காவைக் கட்டிய அத்தான். அதற்கு முந்திய மூன்று வருஷமும் அவர்தான் முதலில் வந்தார்.

அத்தானும் அக்காவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தார்கள். அவர் தினமும் பஸ்ஸில் மில்லுக்கு வருவார். புளோரூமில் வேலை. பஞ்சுப் பொதியை உடைத்துப் பஞ்சை முதன்முதலாக மிஷினுக்குள் போடுகிற இடம் அது. பஞ்சோடு சேர்ந்து வருகிற தூசி அங்கே புகைபோல நிற்கும். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களின் புருவமும் காதுமுடியும் வெள்ளையாக இருக்கும். தொண்டையைக் கழுவ ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருக்குமாம். செவ்வாய், புதனில் கொஞ்சம் தளருமாம். அந்த வருஷம் அத்தானுக்குச் சனிக்கிழமை வரைக்கும் தளரவில்லை.

மறு வருஷம் மாசி மாதம் மில்லுக்கு ஒரு டாக்டர் வந்தார். புளோரூம் ஆட்களை வரிசையாக நிறுத்தி நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். பத்து நாள் கழித்து இரண்டு பேரை ‘உடம்புக்கு முடியாதவன்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்னும் சில பெயர்கள் எழுதி வைத்திருப்பதாகப் பேச்சு இருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் அங்கே வற்றிக்கிடக்கும் கண்மாய் மணலில்தான் நாங்கள் ஓடிப் பழகுவோம். அன்றைக்கு அத்தான் பாதி தூரம் ஓடிவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டார். மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மாப்ளே, இந்த வருசம் நீ முன்னால போவாதலே,” என்றார்.

“ஏன் அத்தான்?”

“அந்த டாக்டரு எழுதிவச்ச பேருல எம்பேரும் இருக்காம். மேஸ்திரி சொன்னாரு. மேனேஜரு கண்ணு முன்னால நான் மொதல்ல வந்துட்டா, பொறவு எவன் என்னைச் சீக்காளிம்பான்?”

“ஓடுற மாதிரியா அத்தான் இருக்கீக? நிக்கவே முடியலையே.”

“ஒருநாள்தானலே. ஓடிருவேன். நீ மட்டும் விட்டுக்குடு.”

சரி என்றேன். அவர் மேலிருந்த பாசத்தால் மட்டும் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அவரை வீட்டுக்கு அனுப்பினால் அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும், எனக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் தள்ளிப்போகும் என்ற கணக்கும் எனக்குள் ஓடியது. அதோடு, ஜெயிப்பதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாரே என்று கோபமும் இருந்தது.

எண்பத்தெட்டாம் வருஷச் சித்திரையில் மொத்தம் பதினாறு பேர் ஓடினோம். மணல் அப்போதே சுட ஆரம்பித்திருந்தது. கம்பைத் திரும்பும்போது அத்தான் முன்னால், பின்னால் நான், என் தோளுக்குப் பக்கத்தில் தளவாய்புரத்துக்காரன் ஒருவன். நூல் நூற்கும் ரிங் பிரேமில் என்னோடு வேலை பார்க்கிறவன், நல்ல ஓட்டக்காரன். அவன் எங்களைத் தாண்டிவிடுவான் என்று தெரிந்ததும், அலை வந்து போகிற பக்கமாக அவனை நெருக்கினேன். ஈரமணலில் அவன் கால் புதைந்தது. “ஏலே, தள்ளாத,” என்றான். நான் காதில் வாங்காததுபோல ஓடினேன். அத்தான் முதலில் வந்தார்.

வந்தவர் நிற்கவில்லை. அப்படியே கடலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குளிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் உள்ளே போய் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார், காற்று உள்ளே போகவில்லை. தோளைப் பிடித்தேன்.

“கைய எடுலே,” என்றார், ஒவ்வொரு சொல்லாக. “மேனேஜரு பாக்காரு.”

கையை எடுத்தேன். அலைக்கு அவர் விழுந்துவிடாதபடி தண்ணீருக்கடியில் அவர் வேட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சங் கொஞ்சமாக மூச்சு வந்தது. கரையேறிப்போய்ச் சிரித்துக்கொண்டே வாளியை வாங்கினார்.

“புளோரூம்ல இருந்துக்கிட்டே எப்பிடி ஓடுறார் பாருங்க,” என்று மேனேஜர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

டாக்டர் எழுதிவைத்ததிலிருந்து அத்தான் பெயரை எடுத்துவிட்டார்கள். நாங்கள் நினைத்தது நடந்தது. ஆனால் அந்த ஆடியில் புளோரூம் ஆட்கள் சேர்ந்துபோய், தூசியை இழுக்க ஒரு ஃபேனும் மூக்குக்குக் கட்டத் துணியும் கேட்டபோது, அவர்களுக்குக் கிடைத்த பதில் அத்தான்தான். தூசியால் நெஞ்சு கெடுமென்றால் இவர் எப்படிக் கடற்கரையில் ஓடி ஜெயித்தார் என்று ஆபீசில் கேட்டார்களாம். அதன்பிறகு புளோரூமில் சில பேர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்.

மறு சித்திரையில் அவர் திருச்செந்தூருக்கு வரவில்லை. நானும் போகவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடக்க அவருக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வாட்ச்மேன் வேலைக்கு மாற்றித் தரும்படி ஆபீசில் போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

“நீதான் ஓட்டக்காரனாச்சே, ஒனக்கு என்னய்யா கேடு?” என்று அங்கே இருந்தவர் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அத்தான் திரும்பி வெளியே நடந்தார். அடுத்த நாளும் புளோரூமுக்குப் போனார்.

தொண்ணூறாம் வருஷம் தை மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில், காலை பத்து மணி வாக்கில் அவர் செத்துப்போனார். முப்பத்தாறு வயது. கடைசி நான்கு நாளும் படுக்க முடியாமல், தலையணைகளை மடியில் அடுக்கி அதன்மேல் குனிந்தபடி உட்கார்ந்தே இருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா, “கடல்கரையில ஓடி மொதல்ல வந்தவிய, ரெண்டு வருசங்கூட ஆகல,” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நான் வெளியே போய்ப் பந்தல்காரர்களோடு நின்றுகொண்டேன்.

அவர் இடத்தில் அக்காவுக்கு மில்லில் வேலை கொடுத்தார்கள். ரீலிங்கில் நூல் சுற்றுகிற வேலை. மறுக்க முடியாத நிலைமை, போனாள்.

ஏழெட்டு வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அக்காவின் மூத்த மகன் பத்தாவது முடித்த கோடையில், ஒரு மத்தியானம், அக்கா உளுந்து புடைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். நான் விட்டுக்கொடுக்காமல் ஓடியிருந்தால் அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், கஷ்டப்பட்டிருப்போம், ஆனால் ஆள் இருந்திருப்பார் என்றேன்.

அக்கா சுளகை நிறுத்தவில்லை.

“தெரியும்லே,” என்றாள். “உங்கிட்டக் கேக்கணும்னு அவியளுக்குத் தோணல. நான்தான் கேக்கச் சொன்னேன். மூணு நாளு மாட்டேன்னாவ. நான் விடல.”

அவள் உளுந்தை டப்பாவில் கொட்டி மூடினாள்.

“மூத்தவன மில்லுக்கு அனுப்ப மாட்டேன்,” என்றாள். “அவனுக்கு வேற எங்கயாவது சொல்லி வையி.”

சிவகாசியில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி வைத்தேன். அந்த ஆனியில் அவன் அச்சகத்துக்கு வேலைக்குப் போனான்.